வலிக்காத நோய்க்கு மருந்து எதற்கு?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்) மாணவி

தமிழில் 'கொழுப்பு' என்னும் சொல்லை மருத்துவரைவிடத் திட்டுகிறவர்களே மிகுதியாகப் பயன்படுத்துகிறார்கள். "உனக்குக் கொழுப்பு கூடிப் போச்சு" என்று வீட்டில் ஏச்சு வாங்காதவர் நம்மில் யார்? உண்டு கொழுத்தவன், பணத்திமிர் பிடித்தவன் என்ற பொருளிலேயே அச்சொல் நம் நாவில் புரண்டு வந்திருக்கிறது. அதனால்தானோ என்னவோ, 'இரத்தத்தில் கொழுப்பு' என்று கேட்டவுடன் அது தொந்தி பெருத்தவர்களின் நோய், காரில் போகிறவர்களின் நோய் என்று நம் மனம் தானாகவே தீர்ப்பு எழுதிவிடுகிறது.

என் அப்பாவுக்குத் தொந்தி கிடையாது. வெல்ல மண்டியில் மூட்டை தூக்கும் தொழிலாளி அவர், வயது 48, ஆள் ஒட்டடைக்குச்சி. சென்ற ஆண்டு, நான் இக்கல்லூரியில் சேர்ந்த சில மாதங்களில், மண்டித் தொழிலாளர்களுக்காக மருத்துவ முகாம் ஒன்று நடந்தது. வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துத் தாள் வந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் 258 என்றிருந்தது. "மூட்டை தூக்குறவனுக்கு எங்கேயிருந்துய்யா கொழுப்பு வந்துச்சு? உனக்கு வாயிலதான் கொழுப்புன்னு நினைச்சோம், ரத்தத்துலயுமா?" என்று மண்டியே சிரித்ததாம். அதை வீட்டில் வந்து சொல்லி அப்பாவும் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு எங்கே போய் முடிந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். மலருக்குக் கவிதை கொடு என்றார்கள் தோழிகள். கவிதைக்கு வேறு பலர் இருக்கிறார்கள். இதைச் சொல்ல எங்கள் வீட்டில் என்னை விட்டால் ஆள் இல்லை.

என் பிழை

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்பு. அம்மா பள்ளிக்கே போனதில்லை. ஆகவே வீட்டுக்கு வரும் எந்தத் தாளும் என் கைக்குத்தான் வரும். மின்கட்டண அட்டையானாலும், ரேஷன் கடைக் குறுஞ்செய்தியானாலும், வங்கிக் கடிதமானாலும் "பாப்பா படிச்சுச் சொல்லும்" என்று காத்திருப்பார்கள். இரத்தப் பரிசோதனைத் தாளும் அப்படித்தான் என்னிடம் வந்தது.

முகாம் மருத்துவர் இரவுக்கு ஒரு மாத்திரை எழுதியிருந்தார். அடோர்வாஸ்டேடின், 20 மில்லிகிராம். பீடியை விட்டுவிடச் சொல்லியிருந்தார். மூன்று மாதம் கழித்து மறுபடி இரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார். அப்பா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார். பீடியை மட்டும் பாதியாகக் குறைத்தார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 258 என்பது 172 ஆக இறங்கியிருந்தது. தாளில் பக்கத்துப் பத்தியில் '200-க்குக் கீழ்' என்று அச்சிட்டிருந்தது. எண்ணைப் பார்க்கத் தெரிந்த பெருமையில் நான் உரக்கச் சொன்னேன்:

"நார்மல் ஆயிடுச்சுப்பா!"

"அப்ப மாத்திரை?"

"அதான் சரியாப் போச்சே, இனிமே எதுக்குப்பா?"

அப்பா ஒரு நொடிகூட ஐயப்படவில்லை. பி.எஸ்ஸி. படிக்கிற மகள் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான். மீதி மாத்திரைகள் அம்மாவின் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் போயின.

பத்து மாதம் கழிந்தது. ஒருநாள் விடியற்காலை நான்கு மணிக்கு அப்பா எழுந்து உட்கார்ந்தார். நெஞ்சில் மூட்டையை ஏற்றி வைத்தாற்போல இருக்கிறது என்றார். வியர்வையில் பனியன் நனைந்திருந்தது. வாயுப் பிடிப்பு என்று எண்ணி அம்மா சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். இடக்கையும் தாடையும் இழுக்கிறது என்றபோதுதான் பக்கத்து வீட்டு அண்ணன் ஆட்டோவை எடுத்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் அக்கா அப்பாவைக் கண்டதும் ஒரு பொட்டலத்தைப் பிரித்து, மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி உடனே விழுங்கச் சொன்னார். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின் மாத்திரைகள் அவை. இரத்தம் உறையாமல் காக்கும் இரண்டு வகையோடு மூன்றாவது வகையும் ஒன்று அதில் உண்டு. அந்த மூன்றாவதின் உறையை நான் படித்தேன். அடோர்வாஸ்டேடின்! எங்கள் பிஸ்கட் டப்பாவில் பத்து மாதமாகச் சும்மா கிடந்த அதே மாத்திரை!

அங்கிருந்து 108 ஊர்தியில் பெரிய மருத்துவமனைக்குப் போனோம். இதயத்தின் இரத்தக்குழாயில் ஸ்டென்ட் எனும் வலைக்குழாய் வைத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்ததால் கடன் வாங்காமல் தப்பினோம். அப்பா பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் மருத்துவர் வந்து பழைய தாள்களைப் புரட்டினார். "முன்னாடியே மாத்திரை குடுத்திருக்காங்களே, ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டார். அப்பா என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு மருத்துவரிடம், "மறந்து போச்சுங்க" என்றார்.

அவர் மறக்கவில்லை. நான் நிறுத்தச் சொன்னதை அவர் சொல்லவில்லை. அவ்வளவே.

மாத்திரையை நிறுத்தியதால்தான் மாரடைப்பு வந்தது என்று எந்த மருத்துவரும் எங்களிடம் சொல்லவில்லை. பீடியும் முப்பது ஆண்டு அவரோடு இருந்தது. தொடர்ந்து சாப்பிட்டிருந்தாலும் ஒருவேளை வந்திருக்கலாம். ஆனால் வருகிற வாய்ப்பு குறைந்திருக்கும். அந்த வாய்ப்பைக் குறைக்காமல் விட்டது என் வாய்ச்சொல். இன்று அப்பா மூட்டை தூக்குவதில்லை. மண்டியில் எடைச் சீட்டு எழுதுவோர்க்கு உதவியாக நிற்கிறார். கூலி பாதி. மீதிப் பாதிக்கு அம்மா பூக்கட்டுகிறார்.

கொடுமையைக் கேளுங்கள். அதே பருவத் தேர்வில் கொலஸ்ட்ராலின் அமைப்பு வாய்பாட்டை நான் பிழையின்றி வரைந்திருந்தேன். 27 கார்பன், 46 ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன்; நான்கு வளையங்கள். முழு மதிப்பெண். தேர்வுத் தாளில் கொலஸ்ட்ராலைத் தெரிந்தவளுக்கு அப்பாவின் தாளில் அதைத் தெரியவில்லை!

பகையா, நட்பா?

அதன் பிறகுதான் நான் படிக்கத் தொடங்கினேன். நூலகத்தில் தேடினேன்; விலங்கியல் துறைப் பேராசிரியரிடம் போய்க் கேட்டேன். அறிந்ததை நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கொலஸ்ட்ரால் நஞ்சன்று. நம் உடலின் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் அது இருக்கிறது. வைட்டமின் டி-யும், பித்த அமிலங்களும், ஆண்மை பெண்மைக்குரிய ஹார்மோன்களும் அதிலிருந்தே உருவாகின்றன. அது இன்றி உயிர் இல்லை. அதன் பெரும்பகுதியை உணவிலிருந்து பெறுவதைவிட உடல் தானே செய்துகொள்கிறது. அதில் கல்லீரலின் பங்கு பெரிது. ஆகவே, "நான் முட்டையே தொடுவதில்லை, எனக்கு எப்படி?" என்று கேட்பதில் பொருளில்லை. சமையற்கட்டைப் பூட்டினாலும் கல்லீரல் என்னும் தொழிற்சாலை இரவு பகலாக ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

கொழுப்பு தண்ணீரில் கரையாது. இரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். எனவே புரதத்தால் ஆன சிறு வண்டிகளில் ஏற்றித்தான் கொலஸ்ட்ராலை அனுப்ப வேண்டியிருக்கிறது. சரக்கைக் கல்லீரலிலிருந்து உடலெங்கும் கொண்டு செல்லும் வண்டி எல்.டி.எல்.; மிச்சத்தைத் திரும்பக் கல்லீரலுக்குக் கொண்டு வருவதில் பங்குகொள்ளும் வண்டி எச்.டி.எல். முதல் வகை வண்டிகள் தெருவில் மிகுந்து போனால் என்ன ஆகும்? இரத்தக்குழாயின் உட்சுவருக்குள் நுழைந்து அங்கேயே தங்கிவிடுகின்றன. அதனால்தான் எல்.டி.எல்.-ஐக் கெட்ட கொழுப்பு என்கிறார்கள்.

ஆகவே மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தால் போதாது. என் அப்பாவின் முதல் தாளில் எல்.டி.எல். 184 என்றிருந்தது. நான் அந்த வரியைப் படிக்கவே இல்லை. மூன்று மாதம் கழித்து அது 104 ஆகியிருந்தது. அந்த 104 நோய் தீர்ந்ததற்கு அடையாளமன்று. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். குடை பிடித்ததால் நனையாமல் இருந்தோம். 'நனையவில்லையே, இனிக் குடை எதற்கு?' என்று மழையில் மடக்கி வைத்தோம். மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே கொலஸ்ட்ரால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதை இன்று அறிவேன். அன்று அறியேன்.

ஓசையின்றி வளரும் கேடு

காய்ச்சல் வந்தால் உடல் கொதிக்கிறது. பல் கெட்டால் இரவெல்லாம் தூக்கமில்லை. வலி என்பது உடல் அடிக்கும் மணி. அந்த மணி அடித்தால் மருந்து, ஓய்ந்தால் நிறுத்தம் என்பதுதான் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வந்த மருத்துவ அறிவு. அதைக் குறை சொல்ல மாட்டேன். பல நோய்களுக்கு அது பொருந்தும். ஆனால் இந்த நோய்க்கு மணியே கிடையாது. 258 இருந்தபோதும் அப்பாவுக்கு ஒன்றும் செய்யவில்லை; 172 இருந்தபோதும் ஒன்றும் செய்யவில்லை. சுவருக்குள் கொழுப்பு படிவது எந்த நரம்புக்கும் தெரிவதில்லை.

அந்தப் படிவு ஐம்பது வயதில் தொடங்குவதுமில்லை. கொரியப் போரில் உயிரிழந்த 300 அமெரிக்கப் படைவீரர்களின் இதயங்களை மருத்துவர்கள் அறுத்துப் பார்த்து 1953-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவ்வீரர்களின் சராசரி வயது 22. ஓடியாடிப் பயிற்சி பெற்ற அந்த இளைஞர்களில் நான்கில் மூவருக்கு இதய இரத்தக்குழாய்களில் நோயின் அடையாளம் ஏதோ ஓரளவில் இருந்தது. இருபத்திரண்டு! நண்பர்களே, நம் வகுப்பறையின் வயது அது.

இப்படி ஆண்டுக்கணக்கில் வளரும் படிவின் மேல் மூடி ஒருநாள் கிழிகிறது. கிழிந்த இடத்தில் இரத்தம் உறைகிறது. குழாய் அடைபடுகிறது. இதயத்தின் ஒரு பகுதி மூச்சின்றித் துடிக்கிறது. அதுதான் மாரடைப்பு. மூளையின் குழாயில் நேர்ந்தால் பக்கவாதம். நோய் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் முதல் நாளே சிலருக்குக் கடைசி நாளாகிவிடுகிறது. வலி வந்த பின் மருந்து தேடலாம் என்பவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இது செல்வர் நோய் என்ற எண்ணமும் தவறு. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வின் விவரங்களைப் பிரித்துப் பார்த்தபோது, தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஆறு ஆண்டு முந்தி வருவது தெரிந்தது. புகை, இரத்தக்கொதிப்பு, நீரிழிவு, மரபு இவை எல்லாம் கொலஸ்ட்ராலோடு கைகோத்துக் கொள்கின்றன. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்குப் பிறவியிலேயே எல்.டி.எல். மிகுந்திருக்கும். அவர் ஒல்லியாக இருக்கலாம், மூட்டை தூக்கலாம், கீரையே உண்ணலாம். பரம்பரைக்கு அது தெரியாது.

அரிசியில் பூத்த மருந்து

இந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்று படித்தபோது எனக்கு வியப்பு தாங்கவில்லை. ஜப்பானில் அக்கிட்டா என்னும் பகுதியில் ஓர் உழவர் குடும்பத்தில் 1933-இல் பிறந்தவர் அகிரா எண்டோ. பூஞ்சைகளிடம் அவருக்குச் சிறுவயது முதலே காதல். பென்சிலின் ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்தது அல்லவா? அதுபோல, கொலஸ்ட்ரால் போன்ற பொருள்கள் உருவாவதைத் தடுக்கும் சரக்கை ஏதேனும் ஒரு பூஞ்சை தன் எதிரிகளை வெல்லச் செய்து வைத்திருக்கும் என்று அவர் நம்பினார். 1971-இல் தேடலைத் தொடங்கி 6,000-க்கும் மேற்பட்ட வகைகளைச் சோதித்தார். 1973-இல் ஒன்று அகப்பட்டது. கியோட்டோ நகரத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் பூத்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சை! நம் வீட்டில் அரிசி பூத்தால் முகம் சுளித்துக் கொட்டிவிடுகிறோம். அவர் அதிலிருந்து 'காம்பாக்டின்' என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்.

அதை எலிகளுக்குக் கொடுத்தார்கள், கொலஸ்ட்ரால் இறங்கவில்லை. மற்றவர் கைகழுவியிருப்பார்கள். எண்டோ கோழிகளுக்குக் கொடுத்துப் பார்க்க வழி தேடினார். முட்டையில் கொலஸ்ட்ரால் மிகுதி, ஆகவே கோழியின் இரத்தத்திலும் மிகுந்திருக்கும் என்பது அவர் கணக்கு. கோழிகளில் இறங்கியது. 1978-இல் ஒசாக்காவில், பிறவியிலேயே கடுமையான கொலஸ்ட்ரால் நோய் கொண்ட 18 வயதுப் பெண் ஒருத்திக்கு அது தரப்பட்டது. அளவு மிகுந்தபோது தசைகள் தளர்ந்தன, அளவை மாற்றினார்கள். நம்மைவிட இளையவள் ஒருத்தியின் உடலில் தொடங்கிய பாடம் அது.

அதே காலத்தில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்னும் இருவர், செல்களின் மேற்பரப்பில் எல்.டி.எல்.-ஐப் பிடித்து உள்ளே இழுக்கும் 'ஏற்பி' இருப்பதைக் கண்டறிந்தார்கள். அதற்காக 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்டேட்டின் மருந்து, கல்லீரலில் கொலஸ்ட்ரால் செய்யும் ஒரு நொதியைத் தடுக்கிறது. சரக்கு குறைந்த கல்லீரல் என்ன செய்கிறது? தன் மேற்பரப்பில் ஏற்பிகளைக் கூட்டி, இரத்தத்தில் திரியும் எல்.டி.எல்.-ஐ இழுத்துக்கொள்கிறது. இதுதான் மாத்திரை செய்யும் வேலை. இம்மருந்தினத்தில் முதலாவதாக லோவாஸ்டேடின் 1987-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. எண்டோவுக்கு நோபல் பரிசு கிட்டவில்லை. 2024-இல் தம் 90-ஆம் வயதில் அவர் மறைந்தபோது, உலகில் கோடிக்கணக்கானோர் இரவு உணவுக்குப் பின் அவருடைய உழைப்பின் பயனை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் பெயரை அறியாமலே.

பயன் உண்டா என்பதற்கும் சான்று உண்டு. ஸ்காண்டினேவிய நாடுகளில், ஏற்கெனவே மாரடைப்போ நெஞ்சுவலியோ வந்த 4,444 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சிம்வாஸ்டேடினும் மறு பிரிவுக்குப் போலி மாத்திரையும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வெளிவந்தது. போலி மாத்திரை பெற்றவர்களில் 256 பேர் இறந்திருந்தனர். மருந்து பெற்றவர்களில் 182 பேர். எழுபத்து நான்கு குடும்பங்களின் வேறுபாடு அது. மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதுபோல இவ்வெண்களை நான் பார்த்ததில்லை.

மறுப்போர் சொல்வது

"எல்லாம் மருந்துக் கம்பெனிகளின் வியாபாரம்" என்பார் சிலர். வியாபாரம் இல்லாமல் இல்லை. ஆனால் அடோர்வாஸ்டேடின் காப்புரிமை முடிந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இந்திய அரசின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் அது இருக்கிறது. அரசு மருத்துவமனையில் காசின்றியே கிடைக்கிறது. எங்களுக்கு அதில் விலை தடையாக இருந்ததே இல்லை. விளக்கம் இல்லாததுதான் தடையாக இருந்தது.

"பக்க விளைவு உண்டே?" என்பார் வேறு சிலர். உண்டு, மறைக்கக் கூடாது. சிலருக்குத் தசை வலி வரும். மிக அரிதாகத் தசையே சிதையும். நீரிழிவுக்கான வாய்ப்பு சிறிது கூடும். கருவுற்றவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடரக் கூடாது. ஆனால் 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வையும் கூறவேண்டும். பக்க விளைவால் ஸ்டேட்டினை நிறுத்திவிட்ட 60 பேருக்குச் சில மாதங்கள் மருந்தும், சில மாதங்கள் போலி மாத்திரையும், சில மாதங்கள் ஒன்றுமில்லாமலும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மருந்தால் ஏற்பட்ட தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு போலி மாத்திரையாலும் ஏற்பட்டது! அவர்கள் பட்ட வலி பொய்யன்று. ஆனால் அதை உண்டாக்கியதில் அச்சத்துக்குப் பெரும்பங்கு இருந்தது. வலி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாறலாம். நாமாக நிறுத்துவது தீர்வாகாது.

"கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று முன்னோர் சொல்லவில்லையா? பூண்டும் கொள்ளும் போதுமே?" என்பார் என் பாட்டி. கொள்ளு ரசம் நல்லதே, குடிப்போம். உணவைத் திருத்தாமல் மாத்திரையை மட்டும் நம்புவதும் மடமை. வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதில் அளவறிந்து உண்பதைப் பற்றித்தானே பெரிதும் பேசினார்? பொரித்த பண்டத்தையும் வனஸ்பதியையும் குறைப்பது, நடப்பது, முக்கியமாகப் பீடி சிகரெட்டை விடுவது இவையெல்லாம் அடித்தளம். எண்ணெய்ப் புட்டியில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று எழுதியிருப்பதைக் கண்டு ஏமாறவும் வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கணக்கில் வரும் அளவுக்கு இருப்பதில்லை. தேங்காய் எண்ணெயிலும் இல்லை. ஆயினும் அதன் நிறைவுற்ற கொழுப்பு நம் எல்.டி.எல்.-ஐ உயர்த்தும். ஆனால் கல்லீரலே மிகுதியாகச் செய்து குவிக்கும்போது உணவு மட்டும் அதை ஈடுகட்டாது. ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கோ எல்.டி.எல். 70-க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறார்கள். ஐரோப்பிய வழிகாட்டி 55-க்குக் கீழே என்கிறது. கொள்ளு ரசத்தால் அங்கே போய்ச் சேர முடியாது.

எண் சற்றே மிகுந்தவர் எல்லாம் மாத்திரை விழுங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வயது, இரத்தக்கொதிப்பு, நீரிழிவு, புகை, குடும்ப வரலாறு அனைத்தையும் கூட்டிப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்கிறார். தொடங்குவது அவர் முடிவு என்றால், நிறுத்துவதும் அவர் முடிவாக இருக்க வேண்டும். வீட்டில் படித்த பிள்ளையின் முடிவாக இருக்கக் கூடாது. நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

நாம் செய்யத்தக்கது

எதற்கு? எவ்வளவு? எதுவரை? எந்த மருந்துச் சீட்டுக்கும் இந்த மூன்று கேள்விகள் உண்டு. முதல் இரண்டை எப்படியோ கேட்டுவிடுகிறோம். மூன்றாவதை நாங்கள் கேட்கவில்லை. 'எதுவரை?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், 'நான் சொல்லும்வரை, பெரும்பாலும் ஆயுளுக்கும்' என்ற விடை கிடைத்திருக்கும். பிஸ்கட் டப்பாவுக்கு வேலை இருந்திருக்காது.

இக்கல்லூரியில் படிக்கும் நம்மில் பலர் என்னைப் போலவே வீட்டின் முதல் பட்டதாரிகள். நம் வீடுகளில் நாம்தான் மருத்துவருக்கும் பெற்றோருக்கும் நடுவே நிற்கும் மொழிபெயர்ப்பாளர்கள். அது பெருமை, அதைவிடப் பெரிய பொறுப்பு. அரைகுறையாகத் தெரிந்ததை முழுதாகத் தெரிந்ததுபோல் சொல்லிவிடுவது நம் வயதின் குணம். நாம் சொல்வதை அப்படியே நம்பிவிடுவது நம் பெற்றோரின் குணம். இந்த இரண்டும் சேருமிடத்தில் ஓர் உயிர் ஊசலாடுகிறது என்பதை மறக்க வேண்டாம். "எனக்குத் தெரியாதுப்பா, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்ல நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.

பேராசிரியப் பெருமக்களிடமும் ஒரு வேண்டுகோள். கொலஸ்ட்ராலின் நான்கு வளையங்களை வரையக் கற்பிக்கும் அதே மணி நேரத்தில், ஓர் இரத்தப் பரிசோதனைத் தாளையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். ஐந்து நிமிடம் போதும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சாலை பெருக்குகிறோம், மரம் நடுகிறோம், நல்லதே. அடுத்த முகாமில் ஊருக்குள் போய், வீட்டுக்கு வீடு 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் தரும் மாத்திரைகள் எதற்கு, எவ்வளவு, எதுவரை என்பதை அவர்களிடமே கேட்டறிந்து, கொட்டை எழுத்துத் தமிழில் அட்டை எழுதிக் கொடுத்தால் என்ன? அத்திட்டம் 2021 முதல் இரத்தக்கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மருந்தை வாசற்படிக்கே கொண்டுவந்து தருகிறது. அவையும் வலிக்காத நோய்கள்தாமே? மருந்து வாசற்படி வரை வந்துவிட்டது. அதன் பொருளை வாசற்படி தாண்டி உள்ளே கொண்டு செல்ல வேண்டியவர்கள் நாம்.

எங்கள் வீட்டுச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில், இப்போது ஓர் அட்டை தொங்குகிறது. நான் எழுதியதுதான். பெரிய மருத்துவமனையில் கேட்டு எழுதிவந்தது. அப்பா எழுத்துக் கூட்டிப் படிப்பார். சென்ற வாரம் மூன்று மாதப் பரிசோதனை முடிந்து தாள் வந்தது. எல்.டி.எல். 62. கையில் வாங்கிக்கொண்டு நான் வாயைத் திறக்கவில்லை. அப்பாவே கேட்டார்:

"என்ன பாப்பா, நார்மலா?"

"மாத்திரை வேலை செய்யுதுப்பா" என்றேன்.

அப்பா தலையாட்டிவிட்டு, சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, அன்றைய மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.